நாலு நிறத் துணி

அத்தியாயம் 9

ஆன்றோ கடலில் தொலையவில்லை. தொலைந்திருந்தால் தெருவே அவன் மனைவி ஈவாஞ்சலின் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும். கஞ்சி காய்ச்சிக் கொடுக்க ஆள் இருந்திருக்கும். அவன் உயிரோடு, வெள்ளைக்காரன் காவலில், மூன்று வேளைச் சாப்பாட்டோடு இருந்தான். அதனால் ஒருவரும் வரவில்லை.

காசிலிங்கம் அண்ணாச்சியின் ‘வேலவன் துணை’ தோணி வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போனது. தண்டல் ஆன்றோ. தோணியில் அவன் சொல்தான் சட்டம். அவனோடு ஆறு பேர். மாலத்தீவின் தென்கோடியில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது எஞ்சின் நின்றது. காற்றும் நீரோட்டமும் சேர்ந்து தெற்கே இழுத்தன. சாகோஸ் தீவுகளில் ஆளில்லாத ஒன்றில் ஒதுங்கித் தண்ணீரும் தேங்காயும் எடுத்துக்கொண்டிருந்தபோது ரோந்துக் கப்பல் வந்து பிடித்தது.

இது மட்டும் என்றால் அபராதம் போட்டு அனுப்பியிருப்பார்கள். ஆனால் தோணியின் பாய்மரத்தில் ஒரு கொடி பறந்தது. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை. மொரீஷியஸ் கொடி.

அந்தத் தீவுகள் யாருக்கு என்பதில்தான் சண்டையே. பிரிட்டன் பிடித்து வைத்திருக்கிறது. மொரீஷியஸ் தன்னுடையது என்கிறது. இந்தியா மொரீஷியஸ் பக்கம். நடுவில் அமெரிக்காவின் ராணுவத் தளம். கொடுத்துவிடுகிறோம் என்று பிரிட்டன் சொன்ன சூடு ஆறுவதற்குள் மொரீஷியஸில் தேர்தல் நடந்து ஆட்சி மாறியது. வந்தவர்கள் பழைய பேச்சைப் பிரித்துப் போட்டார்கள். அமெரிக்காவிலும் ஆட்சி மாறக் காத்திருந்தது. லண்டனில் எதிர்க்கட்சி கத்திக்கொண்டிருந்தது. யாருக்கும் யார் மேலும் நம்பிக்கை இல்லாத அந்த நேரம் பார்த்து, தூத்துக்குடியிலிருந்து ஒரு மரத்தோணி அங்கே போய் மொரீஷியஸ் கொடியோடு நின்றது.

படம் லண்டன் பத்திரிகையில் வந்துவிட்டது. கொடியை ஏற்றச் சொன்னது யார் என்று நாடுகள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டன.

தைத்தது யார் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

தைத்தவள் ஈவாஞ்சலின். திரேஸ்புரத்துச் சந்து ஒன்றில், மழை ஒழுகும் இடத்தில் வாளியை வைத்துவிட்டு, அந்தப் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிதாக்கப் பெரிதாக்க ஆன்றோவின் முகம் கலைந்து புள்ளிகளாகிவிடும். கொடியின் ஓரம் மட்டும் கலையாது. இரட்டைத் தையல். அவளுடைய மெஷின், அவளுடைய தையல்.

இன்று மாலை நான்கு மணிக்கு அண்ணாச்சியின் ஆபீஸ் போனில் ஆன்றோ பேசுவான் என்று சொல்லியிருந்தார்கள். தோணிக்கு ஒரே அழைப்பு. தண்டல் மட்டும், அவன் மனைவியோடு மட்டும், ஐந்து நிமிடம். இந்த நியாயத்தை யார் வகுத்தார்கள் என்று தெரியவில்லை. மற்ற வீட்டுப் பெண்களுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காததை, மாதா கோயிலில் ஜெபமாலைக்கு அவளைக் கூப்பிடாமல் விட்டுக் காட்டினார்கள். அவள் நாசரேத்துக்காரி. ஜெபமாலை உருட்டாத புராட்டஸ்டண்ட் வேதம். முன்பெல்லாம் அதைச் சொல்லித்தான் அவளைக் கேலி பண்ணுவார்கள். இப்போது கேலியும் நின்றுபோனது. கிறிஸ்துமஸ் கவுனுக்குத் துணி கொடுத்தவர்களில் சிலர் தைக்காமலே திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

கொடி கேட்ட மத்தியானம் அவளுக்கு அப்படியே நினைவிருந்தது. மறுநாள் தோணி புறப்பட வேண்டும். சாப்பிட்டுக்கொண்டே ஆன்றோ கேட்டான்.

“ஏளா, நாலு கலர்ல துணி கெடக்கா?”

“எதுக்கு?”

போனில் கொடியின் படத்தைக் காட்டினான். “தீவ மொரீஷியஸ்காரனுக்குக் குடுக்கப்போறானாம். நியூஸ்ல சொன்னான்.”

“நீங்க போறது மாலத்தீவுக்குல்லா?”

“அங்கனக்குத் தெக்க நீரோட்டம் நம்ம கைக்கு அடங்காது. ஒதுங்குற நெலம வந்தா? அடுத்தவன் தண்ணியில அவன் கொடி இல்லாம நிக்கது, சட்ட இல்லாம பந்தியில உக்காருத மாதிரி.”

அந்நியத் துறைமுகத்துக்குள் நுழையும்போது அந்த நாட்டுக் கொடியை ஏற்றுவது எல்லாக் கப்பலுக்கும் உள்ள மரியாதைதான். தூத்துக்குடித் தோணிக்காரர்களுக்கு அது மரியாதைக்கும் மேலே, ஒரு கூச்சம். ஆன்றோவிடம் கொடிகளுக்கென்று ஒரு மஞ்சள் பை உண்டு. கரை தெரிவதற்கு முன்பே எடுத்துக் கட்டிவிடுவான்.

ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு விழாவுக்குத் தோள்பட்டி தைத்த மிச்சம் அவளிடம் இருந்தது. ரெட் ஹவுஸ், ப்ளூ ஹவுஸ், எல்லோ ஹவுஸ், கிரீன் ஹவுஸ். நாலும் சரியாகப் பொருந்தின. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“ரெட்டைத் தையலாப் போடு. பாக்குற ஆளு மதிக்கணும்.”

“அங்கன யாரு இருக்கா பாக்குறதுக்கு? நண்டா?”

அவன் தட்டை நகர்த்தினான். ரசம் ஊற்றச் சொன்னான்.

கதவு தள்ளப்பட்டது. ஜோன்ஸ் நனைந்துகொண்டே உள்ளே வந்தான். ஆன்றோவின் தம்பி. புது ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறான். கல்யாணம் ஆகவில்லை, சாப்பாடு இங்கேதான். அண்ணன் பிடிபட்டதிலிருந்து வேலைக்குப் பாதி நாள் போவதில்லை.

“மைனி, பாத்தியளா? ரெண்டு லச்சம் பேரு பாத்துட்டான்!”

போனை நீட்டினான். ஒரு யூடியூப் சேனல். ஜோன்ஸ் கடற்கரையில் நின்று, தலைமுடியைக் கோதிக்கொண்டு பேசினான். ‘எங்க அண்ணன் தெரிஞ்சேதான் ஏத்துனாவ. வெள்ளக்காரன் அமுக்கி வச்சிருக்க மண்ணுல உரிமைக்காரன் கொடிய ஏத்துனது தூத்துக்குடிக்காரன். வெள்ளக்காரனுக்கு எதுராக் கப்பல் விட்ட ஊருங்க இது. பயம்னா என்னன்னு கேப்போம்!’

அவள் முழுவதையும் பார்த்தாள். முடிந்ததும் இன்னொரு தடவை பார்த்தாள். ஜோன்ஸ் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தான்.

“எப்பம் குடுத்த இத?”

“முந்தாநேத்து. நல்லாப் பேசிருக்கம்லா?”

“தெரிஞ்சு ஏத்துனாவன்னு ஒனக்கு யாருலே சொன்னா?”

“யாரு சொல்லணும்? அண்ணன் தெரியாம ஒரு கயத்தக்கூடக் கட்டமாட்டாவ.”

“நான் அதக் கேக்கல.”

ஜோன்ஸ் துண்டைக் கீழே போட்டான். “ஊரு என்ன பேசிச்சு தெரியுமா மைனி? கள்ளங்குது. கடல் அட்ட அள்ளப் போனாங்குது. தங்கம் கடத்தப் போனாங்குது. டீக்கடையில என் மூஞ்சிக்கு நேராக் கேட்டான் ஒருத்தன். நான் வீரன்னு சொன்னேன். அது தப்பா?”

“கள்ளன்னா கொஞ்ச நாள்ல விட்டுருவான். வீரன்னா விடமாட்டான்.”

அவன் குனிந்து துண்டை எடுத்தான்.

“காணொளிக்குக் கீழ என் நம்பரப் போட்டிருக்க,” என்றாள்.

“ஆதரவு தாரவங்க கூப்புடட்டும்னு…”

பன்னிரண்டு மணிக்கு ஒரு ஆதரவு கூப்பிட்டது. போர்ட் லூயிஸ், மொரீஷியஸ். பெயர் ஆறுமுகன் என்றார். தமிழ் வருமா என்று கேட்டாள். பெயரில் மட்டும்தான் இருக்கிறது என்றார். நாசரேத் பள்ளிக்கூடத்து ஆங்கிலம் அவளுக்குத் துருப்பிடிக்காமல் இருந்தது. அதிலேயே பேசினார்கள்.

அரை நூற்றாண்டுக்கு முன்பு அந்தத் தீவுகளில் குடியிருந்தவர்களை மொத்தமாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்து போர்ட் லூயிஸில் இறக்கிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கான சங்கத்தில் அவர் வேலை செய்கிறார். திரும்பிப் போகத் துடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்களாம். அந்தக் கொடியின் படத்தை அவர்கள் வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்களாம்.

“உங்கள் கணவர் தெரிந்தே ஏற்றினார் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் எங்கள் நாட்டு விருந்தாளி ஆகிவிடுவார். எங்கள் அரசாங்கம் அவருக்காகப் பேசும்.”

“பேசினால் விட்டுவிடுவார்களா?”

“உலகம் கேட்கும், மேடம்.”

உலகம் கேட்பதை வைத்து அவளுக்கு ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். வைக்கப்போகும்போது அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“அவர் நலமாக இருக்கிறாரா? உடம்பு தாங்குகிறதா?”

“யார், என் வீட்டுக்காரரா?”

“உங்கள் வீட்டுக்காரரா…” என்று அவர் இழுத்தார்.

“ஆமாம்,” என்றார். “அவர்தான்.”

போனை வைத்தபோது வாட்ஸ்அப்பில் ஒன்று வந்திருந்தது. நாசரேத்திலிருந்து அண்ணன் கிருபாநிதி. ஆன்றோவைக் கட்டிய நாளிலிருந்து பேசாதவன். பரபரவென்று திறந்தாள். ஜோன்ஸின் காணொளி. அதற்குக் கீழே ஒரு எழுத்துக்கூட இல்லை.

*

மூன்று மணிக்கே கிளம்பினாள். பீச் ரோட்டில் கணுக்கால் வரை தண்ணீர். ஜோன்ஸ் பைக்கை மெதுவாக ஓட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான். “மைனி, ஏறுங்க மைனி.” அவள் ஏறவில்லை. அவன் முந்திப் போகவும் இல்லை. குடை பிடித்த ஒருத்தியும் பைக்கில் நனைகிற ஒருத்தனும் ஒரே வேகத்தில் போவதைப் பார்த்து ஒரு ஆட்டோக்காரர், “ஏலே, சண்டைய வீட்டுல போய்ப் போடுங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பழைய துறைமுகத்தில் தோணிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. ‘வேலவன் துணை’ நிற்கும் இடத்தில் வேறொரு தோணியைக் கட்டியிருந்தார்கள்.

காசிலிங்கம் அண்ணாச்சியின் ஆபீஸ் வாசலில் முருகேஸ்வரி நின்றாள். எஞ்சின் டிரைவர் செல்லப்பாண்டியின் மனைவி. காலையிலிருந்தே நிற்கிறாள் என்பது சேலையின் ஈரத்தில் தெரிந்தது. ஈவாஞ்சலினைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினாள். பிறகு, திருப்பிய முகத்தோடே பேசினாள்.

“ஒம் புருசன் ஏத்துன கொடியாலதான் எங்க ஆளும் உள்ள கெடக்கு.”

“தெரியும்.”

“மாதா கோவில்ல சொல்லுதாவ, ஒங்கூடப் பேசக்கூடாதுன்னு.”

“ஏளா, நீ இந்துல்லா? ஒனக்கென்ன கோவில்ல?”

முருகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். திரும்பி ஈவாஞ்சலினின் கையைப் பிடித்தாள்.

“இந்தா பாரு. அவுகளுக்குச் சுகர். கொண்டுபோன மாத்திரை எப்பமோ தீந்திருக்கும். அங்கன டாக்டர் பாக்காவளா, மாத்திரை குடுக்காவளா? இது ஒண்ணு மட்டும் கேளு. ஒன் அஞ்சு நிமிசத்துல எனக்கு இது ஒண்ணு போதும்.”

“கேக்கேன்.”

“சத்தியமா?”

“கேக்கேம்ளா.”

உள்ளே போனாள். ஜோன்ஸ் வாசலோடு நின்றுகொண்டான். அவனை உள்ளே விடக்கூடாது என்று உத்தரவு. அவன் காணொளியை உள்ளே இருந்தவர்களும் பார்த்திருந்தார்கள்.

சென்னையிலிருந்து வந்த வெளியுறவுத் துறை அதிகாரியின் பெயர் சிவப்பிரகாஷ். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. இஸ்திரி கலையாத சட்டை. அவளை மேடம் என்று கூப்பிட்டார். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தார்.

“மேடம், கொடின்னு ஒரு வார்த்தை நீங்க எடுக்க வேண்டாம். அவரே எடுத்தாலும் பேச்சை மாத்திடுங்க. பிரச்சினையே அந்தக் கொடிதான். அது ஒண்ணும் இல்லைன்னு ஆகிட்டா, அபராதத்தோட முடிஞ்சிடும். அதுல அர்த்தம் இருக்குன்னு ஆகிட்டா, யார் கையிலயும் இல்லை.”

“சரி.”

“அப்புறம், பிரிட்டிஷ் தீவுன்னு சொல்லாதீங்க. அதை நம்ம நாடு ஏத்துக்கிட்ட மாதிரி ஆகும். மொரீஷியஸ்னும் சொல்லாதீங்க. இப்ப இருக்கிற நிலைமையில அதுவும் வேண்டாம்.”

“பின்ன அவிய எங்க இருக்காவன்னு சொல்ல?”

அவர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். “அங்கேன்னு சொல்லுங்க மேடம்.”

காசிலிங்கம் மேசைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். “அங்கனன்னு சொல்லுதா. அதுக்கென்ன, நல்ல தமிழ்தான. இந்தா பாரு தாயி. நான் ஒண்ணு சொல்லுதேன். கொடியப் பத்திப் பேச்சு வந்துச்சுன்னு வையி, பழைய கொடின்னு சொல்லிரு. கொடிப்பையில பல வருசமாக் கெடந்துச்சு. என் தோணி, நான் சொல்லுதேன் கெடந்துச்சுன்னு. யாரு இல்லங்கப்போறா?”

“அது புதுத் துணி அண்ணாச்சி.”

“ஒனக்கெப்படித் தெரியும்?”

காசிலிங்கம் அவளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் பார்த்தார். மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார்.

“முருகா,” என்றார். “இத யார்ட்டயும் சொல்லாத. புறப்படுறதுக்கு முன்னாலயே கொடி ரெடின்னா, எஞ்சின் நின்னுச்சுங்கதையே எவனும் நம்பமாட்டான். திட்டம் போட்டுப் போனாங்கன்னு ஆயிரும். தோணியப் பறிமொதல் பண்ணிருவான். ஆளுக ஜெயில்தான்.”

சிவப்பிரகாஷ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் தன் காதில் விழவில்லை என்று காட்ட விரும்புகிறவரைப் போல இருந்தார்.

நான்கு மணி தாண்டியதும் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்கள்.

முதலில் ஒரு பெண் குரல். இலங்கைத் தமிழ். “வணக்கம் அம்மா. நான் மொழிபெயர்ப்பாளர். நீங்கள் கதைக்கிறது எல்லாம் பதிவாகும். விளங்குதா?”

“விளங்குது.”

பிறகு கடல்போல ஒரு இரைச்சல். அதற்குள்ளிருந்து அவன்.

“ஏளா, ஈவா.”

இரண்டு சொல்தான். அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இந்தக் குரலைக் கேட்டால் என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று தினமும் மெஷின் முன்னால் உட்கார்ந்து அடுக்கி வைத்திருந்தாள். அறையில் இரண்டு ஆண்கள் இருந்தார்கள். மறுமுனையில் எத்தனை பேரோ.

“நல்லாருக்கியளா?” என்றாள்.

குரல் போய்ச் சேர்ந்து திரும்பி வர நேரம் எடுத்தது.

“இருக்கேன். கேளு. கொடிய நான்தான் தைச்சேன்.”

அவள் கேட்கவே இல்லை.

“தோணியில வச்சுத் தைச்சேன். எஞ்சின் நின்ன பொறவு. கெடந்த துணியெல்லாம் கிழிச்சு, பாய் தைக்கிற ஊசி வச்சு, கையால. ஒனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. சரியா?”

பாடம் ஒப்பிக்கிற பிள்ளையின் குரல். ஆன்றோவுக்குப் பொய் சொல்ல வராது. கல்யாணமான புதிதில் குடித்துவிட்டு வந்து குடிக்கவில்லை என்று சொன்னபோதும் இதே குரல்தான். காசிலிங்கம் சந்தோஷமாகத் தலையாட்டினார். சிவப்பிரகாஷ் கையால் சைகை காட்டினார், பேச்சை மாற்று, மாற்று.

மாத்திரை என்ற சொல் அவள் நாக்கு நுனியில் இருந்தது.

ஆனால் படத்தில் பார்த்த தையல் கண்ணில் நின்றது. இரட்டைத் தையல், நூல் பிடித்தாற்போல நேராக. கையால் யாரும் அப்படித் தைக்க முடியாது. துணி இப்போது அவர்கள் கையில் இருக்கிறது. யாராவது ஒருத்தி, வீட்டில் மெஷின் வைத்திருக்கிற ஒருத்தி, அதைத் திருப்பிப் பார்த்தால் முடிந்தது. தோணியில் மெஷின் எங்கிருந்து வந்தது என்பாள். இந்தப் பொய் உடைந்தால் எஞ்சின் நின்றது என்கிற உண்மையும் சேர்ந்து உடையும்.

அதுவும் சரிதான். ஆனால் அது மட்டும் இல்லை. காலையிலிருந்து ஆளாளுக்கு அவள் வாயில் ஒரு பேச்சைத் திணித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இவனும். அந்தக் கொடி ஒன்றுதான் அவள் கையால் செய்தது. அதிலும் அவள் இல்லை என்றால் அவள் எதில்தான் இருக்கிறாள்?

“அது மெஷின் தையல்,” என்றாள். “எங்க வீட்டு மெஷின்ல நான் தைச்சது. தோணி போறதுக்கு முந்துன நாளு.”

காசிலிங்கம் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“எதுக்குத் தைச்சேன்னா, எங்க ஊருத் தோணிக்காரனுக்கு அது பழக்கம். யாரு தண்ணியில நின்னாலும் அவன் கொடியக் கட்டணும். ஒதுங்க வேண்டி வந்துச்சுன்னா வேணும்னு கேட்டாவ. கொடுத்தேன். வேற ஒண்ணும் இல்ல. அந்தத் தண்ணி யாருதுன்னு நீங்க இன்னும் முடிவு பண்ணல. அதுக்கு அவிய என்ன செய்வாவ?”

மறுமுனையில் மொழிபெயர்ப்பாளர் யாருக்கோ தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் சொல்வது கேட்டது. மெஷின் என்ற சொல் இரண்டு தடவை வந்தது. யாரோ ஒரு ஆண் ஏதோ கேட்டான். பிறகு இரைச்சல் மட்டும்.

“ஏன்ளா சொன்ன?” என்றான் ஆன்றோ. கோபம் இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

“தையலப் பாத்தாலே தெரியும். கையாலன்னா எவனும் நம்பமாட்டான்.”

“நம்பிட்டான்ளா. நம்பித்தான் இருந்தான்.”

“எனக்கு வேண்டிப் பொய் சொல்லாதிய. என்னய யாரும் ஒண்ணும் செய்யமாட்டான்.”

“ஒனக்கு வேண்டிச் சொல்லல,” என்றான். “எனக்கு வேண்டியும் சொல்லல.”

“பின்ன?”

“நேரம் முடியப் போகுது அம்மா,” என்றது இலங்கைக் குரல்.

“சரி, விடு,” என்றான் அவன் அவசரமாக. “வீடுகள்ல சொல்லிரு. நாங்க எட்டுப் பேரும் சொகமாத்தான் இருக்கோம். ஏளா, நீ சாப்…”

வெட்டுப்பட்டது.

காசிலிங்கம் பேசத் தொடங்கினார். தோணி போச்சு என்றார். பொம்பளையை நம்பி உட்கார்ந்தேனே என்றார். அப்பன் காலத்துத் தோணி என்றார். அவள் எதையும் கேட்கவில்லை.

“எட்டுன்னாவ,” என்றாள்.

காசிலிங்கம் நிறுத்தினார். “என்ன எட்டு?”

“எட்டுப் பேருன்னாவ. போனது ஏழு பேருல்லா.”

“பதட்டத்துல ஒளறிருப்பான்.”

“அவிய தண்டலு. ஆளெண்ணாம ஒரு நேரம் சோறு போடமாட்டாவ.”

காசிலிங்கத்தின் முகத்தில் நிஜமான குழப்பம் தெரிந்தது. அவருக்குத் தெரியாது. அவள் சிவப்பிரகாஷைப் பார்த்தாள். அவர் குனிந்து பேனாவை மூடிக்கொண்டிருந்தார். எட்டு என்று கேட்டதும் அந்த அறையில் நிமிர்ந்து பார்க்காத ஒரே ஆள் அவர்தான்.

“சார், அங்கன எத்தன பேரு இருக்காவ?”

“இந்தியப் பிரஜைகள் ஏழு பேர், மேடம்.”

“நான் இந்தியாக்காரங்கள மட்டும் கேக்கல.”

அவர் குடையை எடுத்துக்கொண்டார். “நீங்க இன்னைக்கு நிறைய பேசிட்டீங்க மேடம்,” என்றார். முன்பு போலவே மரியாதையாகத்தான் சொன்னார்.

வெளியே மழை விட்டிருந்தது. முருகேஸ்வரி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள்.

“மாத்திரை குடுக்காவளாமா?”

ஈவாஞ்சலினுக்கு அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. பொய் ஒன்று சொல்லியிருக்கலாம். குடுக்காவளாம் என்று ஒரு வார்த்தை. முருகேஸ்வரி இன்று சோறு தின்றிருப்பாள்.

“கேக்கல,” என்றாள்.

“கேக்கலயா?”

“மறந்துட்டேன்.”

“அஞ்சு நிமிசம் முழுக்க என்னளா பேசுன?”

“கொடியப் பத்தி.”

முருகேஸ்வரி அடிப்பாள் என்று நினைத்தாள். அடித்திருக்கலாம். அவள் சேலையைப் பிழிந்துவிட்டு, தேங்கிய தண்ணீரில் இறங்கி நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஜோன்ஸ் பைக்கை அருகே கொண்டுவந்து நிறுத்தினான். “அண்ணன் என்ன சொன்னாவ மைனி? என்னயக் கேட்டாவளா?”

“சொகமா இருக்காவளாம்.” ஏறி உட்கார்ந்தாள். ‘அவர் நலமாக இருக்கிறாரா’ என்று ஆறுமுகன் கேட்டது வழியெல்லாம் காதில் நின்றது.

வீட்டில் வாளி நிரம்பி வழிந்து தரையெல்லாம் ஈரமாகக் கிடந்தது. மெஷினுக்கு அடியில் துணிக் கழிவு நனைந்திருந்தது. குனிந்து அள்ளினாள். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை. விரல் அகலத் துண்டுகள். நான்கின் சாயமும் இறங்கி ஒன்றில் ஒன்று ஏறியிருந்தது.

பாக்குற ஆளு மதிக்கணும் என்று சொன்னான். நன்றாகத் தைத்துக் கொடுத்தாள். அங்கன யாரு இருக்கா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல், ரசத்தை ஊற்றினாள்.

“மைனி, தட்டு போடவா?” என்றான் ஜோன்ஸ் அடுக்களையிலிருந்து. “எத்தன பேருக்கு?”

இரண்டே பேர்தான் இருந்தார்கள். தினமும் கேட்கிற கேள்விதான். இன்று அவளால் உடனே எண்ண முடியவில்லை.